ஃபார்ம் மேல பழி போடாதீங்க

ஆக்ஸஸ்ல செஞ்ச ஃபார்ம் நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடும். இன்னிக்குத் திறந்தா பட்டுனு மூடிக்கும். உடனே "ஆக்ஸஸே மட்டம்"னு தீர்ப்பு சொல்லிடுவோம். என்னைக் கேட்டா, பெரும்பாலும் தப்பு நம்ம மேலதான். ஃபார்ம், டேபிள் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வச்சு, நெட்வொர்க்ல போட்டு, ஆறு பேர் திறந்து வச்சிருப்போம். பாதியில ஒருத்தர் கனெக்‌ஷன் அறுந்தாலே ஃபைல் கெட வாய்ப்பிருக்கு.

முதல்ல நகல் எடுங்க. அப்புறம் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர். மசியலையா? புது ஃபைல்ல எல்லாத்தையும் இம்போர்ட் பண்ணிப் பாருங்க.

ஆனா இதெல்லாம் முதலுதவிதான். டேபிள்களைத் தனி ஃபைலா சர்வர்ல வைங்க; ஃபார்ம் உள்ள ஃபைலை ஆளுக்கொரு நகலா அவங்கவங்க கணினியில போடுங்க. ஃபார்ம் கெட்டா வேற நகல் போதும், டேட்டா பத்திரம்.

இந்த ஞானம், ஒரு நாள் பில் மொத்தத்தையும் திரும்ப டைப் அடிச்ச ராத்திரியில வந்தது :-(