கிரெடிட் கணக்கும் சாதிக் கணக்கும்

மூலக்கூறு உயிரியல் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் முதல் பருவத்தில் எந்தெந்தப் பாடத்தை எடுப்பது என்பது வெறும் அட்டவணைப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் தோழர்களே. அது அதிகாரப் பிரச்சினை. இட ஒதுக்கீடு முன்வாசலைத் திறந்துவிடுகிறது. உள்ளே வந்தவரைப் பாடத்திட்டம் கொல்லைப்புறமாக வெளியே தள்ளுகிறது. ஆள் வைத்து அடிப்பதில்லை, சாதி சொல்லித் திட்டுவதுகூட அவசியமில்லை. ஒரு அட்டவணை போதும்.

நரிக்குடி ஒன்றியம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல்லு. இல்லேன்னா வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி அள்ளணும். கரிமூட்டத்துப் புகையில் அப்பனும் ஆத்தாளும் இருமிக்கொண்டிருக்க, பிள்ளை அரசுப் பள்ளியில் தமிழில் உயிரியல் படித்துத் தேறுகிறது. 'நொதி' தெரியும், 'உட்கரு அமிலம்' தெரியும், 'ஒளிச்சேர்க்கை' தெரியும். விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தின் முன்வரிசையில் நின்றது. அதே மாவட்டத்தைத்தான் 2018இல் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. தேறிய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எவனும் கேட்பதில்லை.

ஒருத்தி தப்பித் தவறி ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போகிறாள் என்று வையுங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2011இல் நான்காண்டு இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. அதில் யாராக இருந்தாலும் முதல் மூன்று பருவம் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் படித்தாக வேண்டும். 2006 முதல் வந்த ஐசர் நிறுவனங்களும் இதே அடிப்படையில் உருவானவைதான். இதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று புரிய நுண்கணிதம் வேண்டும், புரதம் ஏன் மடிகிறது என்று புரிய வெப்ப இயக்கவியல் வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். நான் கேட்பது வேறு. இரண்டு வருஷம் கோச்சிங்கில் இதையே கரைத்துக் குடித்துவிட்டு வந்தவனுக்கும், 'என்சைம்' என்று வாத்தியார் சொல்வது தனக்குத் தெரிந்த நொதிதான் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகிறவளுக்கும் ஒரே வேகம், ஒரே நாளில் பரீட்சை. இது என்னய்யா ஞாயம்?

இப்போது கணக்குக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டுப் படிப்புக்கான சட்டகத்தில் மொத்தம் 160 கிரெடிட். பருவத்துக்கு 20. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் இரண்டு மணி நேரம் நின்றால்தான் ஒரு கிரெடிட். 14 கிரெடிட் வகுப்பும் 6 கிரெடிட் ஆய்வகமும் எடுத்தால் வாரத்துக்கு 26 மணி நேரம். ரெக்கார்டு நோட்டு எழுதுவதும் ஆங்கிலப் புத்தகத்தை வரிவரியாக அகராதி வைத்துப் படிப்பதும் இதில் சேராது. உதவித்தொகை வராத மாதத்தில் மெஸ் பாக்கிக்காக டியூஷன் எடுக்கும் நேரமும் சேராது.

அடுத்தது 75 சதவீத விதி. முதல் ஆறு பருவத்தில் 75 சதவீதம் எடுத்தவர்தான் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவுக்குப் போகலாம். முதல் இரண்டு பருவம் தட்டுத் தடுமாறி 60 எடுத்தவள், மீதி நான்கு பருவமும் சராசரியாக 82.5 எடுத்தால்தான் அந்தக் கோட்டைத் தொட முடியும். ஆக, ஆங்கிலத்தோடும் விடுதித் தனிமையோடும் மல்லுக்கட்டிய முதல் வருஷத்துக்கான தண்டனை நான்காம் வருஷம் வரை துரத்துகிறது. மூன்றாம் ஆண்டில் அவளுக்கு என்ன தெரியும் என்பது கணக்கே இல்லை.

தோற்றவர்களுக்கு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டில் வெளியேறினால் பட்டயம். இதற்குப் பெயர் நெகிழ்ச்சியாம். வசதியுள்ளவன் வெளியேறுவது திரும்பி வர. நம் பிள்ளை வெளியேறினால் கரிமூட்டத்துக்கு, இல்லை சிவகாசிப் பக்கம் பட்டாசுக்கு. இடைநிற்றல் என்று நாம் சொல்லி அழுததற்கு இவர்கள் பட்டம் கட்டிவிட்டார்கள்.

நான் படித்த இடத்தில் (பெயர் எதற்கு, எல்லா இடமும் ஒரே லட்சணம்தான்) பாடப் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய ஆலோசகர், "உங்க கோட்டாவுல வர்றவங்களுக்குக் கணக்கு வராதுப்பா, லேசான பாடமா பாத்து எடுத்துக்க" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறைதான் ஆபத்து. புள்ளியியலும் நிரலெழுதுதலும் இல்லாமல் இன்றைக்கு மரபணு ஆய்வில் எவனும் உன்னை வாசல்படி ஏற்ற மாட்டான். ஒரு பக்கம் தாங்க முடியாத சுமையை ஏற்றுவது, இன்னொரு பக்கம் 'உனக்கு இது போதும்' என்று ஒதுக்குவது. இரண்டும் ஒரே சாதிப் புத்தியின் இரண்டு கை.

என் தாத்தா செத்த மாட்டை அறுத்து ஈரல் எது, பித்தப்பை எது, எந்த மாடு நோயில் செத்தது என்று கண்ணால் பார்த்துச் சொன்னவர். அந்த அறிவைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உடற்கூறியலில் நமக்குத் 'தகுதி, திறமை' பற்றி வகுப்பெடுக்கிறார்கள். நுண்ணுயிர் ஆய்வகத்தில் எல்லோர் கையையும் ஸ்பிரிட் போட்டுத்தான் துடைக்க வேண்டும். பாக்டீரியா சாதி பார்த்து ஒட்டுவதில்லை. ஆனால் செய்முறைத் தேர்வில் மார்க் போடுகிறவன் பார்ப்பான். தில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று தோரட் குழு 2007லேயே எழுதி வைத்துவிட்டது.

இந்த அறிவியலே நம்மை விட்டு நகர முடியாது என்பதுதான் வேடிக்கை. அகமண முறைதான் சாதியின் சாரம் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் கட்டுரை வாசித்தார். ஒரு காலத்தில் இந்தியாவில் கலந்து வாழ்ந்த மக்கள், சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு கலப்பதை நிறுத்திக்கொண்டார்கள் என்று ஹைதராபாத் சிசிஎம்பியும் ஹார்வர்டும் சேர்ந்து 2013இல் மரபணு ஆதாரம் தந்தன. நம் ரத்தம் சாம்பிளாக ஆய்வகத்துக்குள் போகலாம். நாம் ஆய்வாளராகப் போகக் கூடாதா?

அம்பேத்கர் கொலம்பியாவில் எடுத்த பாடக் கணக்கைப் பாருங்கள். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, அதோடு பிரெஞ்சும் ஜெர்மனும். அந்தச் சாதிக் கட்டுரை மானுடவியல் வகுப்புக்காக எழுதியது. லேசான பாடம் தேடி அவர் போகவில்லை. தனக்கு எது ஆயுதமோ அதைத் தேடிப் போனார்.

எனவே, போகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். இந்தப் படிப்பு சங்கிலி மாதிரி. கரிம வேதியியல் இல்லாமல் உயிர்வேதியியல் இல்லை, அது இல்லாமல் மூலக்கூறு உயிரியல் இல்லை. முதல் கண்ணியை விட்டுவிடாதே. கட்டாயப் பாடம் போக விருப்பப் பாடம் எடுக்க இடமிருந்தால், முதல் பருவத்தில் மூன்றாவது ஆய்வகத்தைச் சேர்க்காதே. கணிதத்தை ஒத்திப் போடாதே. மூன்றாம் பருவத்துக்குள் புள்ளியியலை முடி. ஆலோசகர் சொன்னார் என்று எதையும் கைவிடாதே, விதிப் புத்தகத்தை நீயே படி. பாடத்தைக் கைவிடும் கடைசித் தேதி, மறுதேர்வு விதி எல்லாம் அதில் இருக்கும். மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு இரண்டாம் ஆண்டிலேயே மனுப் போடு. சீனியர் தலித் மாணவரைத் தேடிப் பிடி. பழைய கேள்வித்தாளும் நோட்டும் அக்ரகாரத்து வீட்டில் பரம்பரையாக வருகிறது. நமக்கு அமைப்பு மூலமாகத்தான் வரணும்.

தனியாள் சாமர்த்தியத்தால் மட்டும் இது தீராது. நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியவை உண்டு. முதல் பருவத்துக்கு முன்பே சம்பளத்தோடு ஆசிரியர் வைத்து, கிரெடிட்டும் தந்து, இணைப்பு வகுப்பு நடத்து. முதல் ஆண்டுச் சுமையை மூன்று பருவமாகப் பிரித்துப் படிக்க உரிமை கொடு, அதற்காக உதவித்தொகையை நிறுத்தாதே. ஆய்வுப் பிரிவுக்கு முதல் ஆண்டு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்காதே. செய்முறைத் தேர்வு விடைத்தாளில் பெயர் வேண்டாம், எண் போடு. எந்தப் பருவத்தில் எந்தச் சமூகத்து மாணவர் எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிடு.

இதில் எதுவும் சலுகை இல்லை. வறட்சியில் வேலிக்கருவை மட்டும் எப்படித் தழைக்கிறது, கரிப்புகை நுரையீரல் செல்லை என்ன செய்கிறது என்ற கேள்விகள் நரிக்குடியில் கிடக்கின்றன. அதைக் கேட்கத் தெரிந்தவள் அந்த ஆய்வகத்துக்குள் போய் நிற்க வேண்டும். அவளை இரண்டாம் ஆண்டுப் பட்டயத்தோடு ஊருக்குத் திருப்பி அனுப்பும் எந்த அட்டவணையையும் நாம் கிழித்தெறிவோம்.