அங்கன்வாடிக்கு ஆள் பஞ்சமாம்!

விழுப்புரம் ஜில்லாவில் இப்போது எந்தப் பக்கம் போனாலும் ஒரே பேச்சுதான்: "ஆள் கிடைக்கவில்லை." நாற்று நட ஆள் இல்லை என்கிறார் நிலச்சுவான்தார். கரும்பு வெட்ட ஆள் இல்லை என்கிறார் காண்டிராக்டர். அங்கன்வாடி மையத்தில் ஒரே ஒரு உதவியாளர் அத்தனை குழந்தைகளையும் வைத்துக்கொண்டு தவிக்கிறாரே, ஊழியர் எங்கே என்று கேட்டால், அங்கும் இதே பதில்தான் வருகிறது.

நிலச்சுவான்தாரின் புலம்பலையும் காண்டிராக்டரின் புலம்பலையும் வேறொரு சந்தர்ப்பத்தில் கவனிப்போம். மூன்றாவது பதில் உண்மைக்கு மாறானது. அதை இங்கே எடுத்துக்கொள்வோம்.

பெண்கள் எங்கே?

திண்டிவனம், மயிலம், ஒலக்கூர், மரக்காணம் வட்டாரங்களில் பொழுது விடியுமுன்பே பெண்கள் ரோட்டோரம் வந்து நிற்கிறார்கள். புதுச்சேரிக்கும் செய்யாறு பக்கத்துக் காலணி ஆலைகளுக்கும் போகும் கம்பெனி வேன்களுக்காகக் காத்திருக்கிறார்கள். பிளஸ் டூ படித்தவர்களும் டிகிரி வாங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஆக, நமது ஜில்லாவில் படித்த பெண்களுக்குப் பஞ்சம் இல்லை.

இவர்கள் வேனில் ஏறிய பிறகு குழந்தை யாரிடம் இருக்கிறது? பாட்டியிடம். பாட்டி களையெடுக்கப் போய்விட்டால் அக்காளிடம். அந்த அக்காளுக்கு வயது பத்து! தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்த அன்றைக்கு அவளுடைய பள்ளிக்கூடம் போயிற்று. அங்கன்வாடிக் கதவு பூட்டிக் கிடந்தால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. மகளுக்குப் படிப்பு போகிறது. குழந்தைக்கு முட்டையும் சோறும் போகிறது. ஒரு பூட்டு, மூன்று நஷ்டம்!

ஆளெடுப்பின் லட்சணம்

1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சர்க்கார் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கிராமத்துப் பாலகர்களையும் அதில் சேர்த்தது. இன்று ராஜ்யம் முழுவதும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. இது உழைக்கும் மக்கள் கட்டிக் காக்க வேண்டிய சொத்து என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் நடந்தது என்ன? ஊழியர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். அந்த இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படவில்லை. 2025 ஏப்ரலில் ஒருவழியாக அறிவிப்பு வந்தது: ஊழியர் 3,886, குறு மைய ஊழியர் 305, உதவியாளர் 3,592, ஆக மொத்தம் 7,783 இடங்கள் காலி என்று சர்க்காரே கணக்குக் காட்டியது. ஆளே கிடைக்காமல் இத்தனை இடங்கள் காலியாகவில்லை. ஆளெடுக்காமல் விட்டதால் காலியாயின.

காலியான இடத்தின் வேலை காற்றில் போய்விடுமா? பக்கத்து ஊர் ஊழியரின் தலையில் "கூடுதல் பொறுப்பு" என்று ஏற்றுகிறார்கள். காலையில் ஒரு ஊர், மதியம் ஒரு ஊர் என்று அவர் ஓடுகிறார். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் இரட்டிப்பு. 2021 முதல் போஷன் டிராக்கர் செல்போன் வேலை வேறு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தபோது, பலரை வீடுவீடாகப் படிவம் கொடுக்க அனுப்பினார்கள். அப்போது குழந்தைகளை யார் பார்த்தார்கள் என்று எந்த அதிகாரியும் கேட்டதாகத் தெரியவில்லை.

கூலிக் கணக்கு

அதே அறிவிப்பில் சம்பளமும் இருக்கிறது. முதல் பன்னிரண்டு மாதம் ஊழியருக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். உதவியாளருக்கு 4,100 ரூபாய். அதற்குப் பிறகுதான் சிறப்புக் காலமுறை ஊதியம். மாதத்துக்கு 26 நாள் என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் ஊழியருக்கு நாளொன்றுக்கு 296 ரூபாய், உதவியாளருக்கு 158 ரூபாய். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் அந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலைத் தலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவளுக்கும் அதே கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தது. 2025 டிசம்பரில் மத்திய சர்க்கார் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தது. அது தனிக் கதை. ஏரிக்கரை மரத்தடியில் குழந்தை பார்ப்பது மண் வெட்டுவதற்குச் சமமான வேலை என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது. அங்கன்வாடிக் கூரைக்குக் கீழே வந்தவுடன் அது எப்படித் "தொண்டு" ஆகிவிடுகிறது?

மத்திய சர்க்கார் தருவதற்குப் பெயரே "மதிப்பூதியம்". 2018 அக்டோபரில் ஊழியருக்கு 4,500, உதவியாளருக்கு 2,250 என்று உயர்த்தியதை மந்திரிகள் மேடைதோறும் முழங்கினார்கள். ஆனால் இவர்களைத் தொழிலாளிகளாக ஏற்று குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று 2013 மே மாதம் கூடிய 45வது இந்தியத் தொழிலாளர் மாநாடு சொன்னதைப் பற்றி அதே மேடைகளில் பேச்சு இல்லை. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் குஜராத் ஹைகோர்ட் ஊழியருக்கு 24,800, உதவியாளருக்கு 20,300 ரூபாய் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கோர்ட்டுக்குத் தெரிகிற நியாயம் கஜானாவுக்குத் தெரியவில்லை.

"சம்பளம் குறைவு என்றால் இத்தனை பேர் ஏன் மனுப் போடுகிறார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். ஊரை விட்டுப் போக முடியாத கைம்பெண்ணும், கைக்குழந்தைக்காரியும் வேறு எங்கே போவார்கள்? பசித்தவன் பழங்கஞ்சியைக் குடிக்கிறான் என்பதற்காகப் பழங்கஞ்சி விருந்தாகிவிடாது.

பணக்கார தேசங்களிலும் இதே பாடம்தான். ஒரு வயது நிரம்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் பெறச் சட்டப்படி உரிமை உண்டு என்று ஜெர்மனி 2013 ஆகஸ்டு முதல் அமல் செய்தது. ஆனால் ஊழியர்களின் சம்பளத்தைக் கவனிக்கவில்லை. 2015 மே மாதம் அவர்கள் வாரக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தார்கள். குழந்தையின் உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. அதைத் தூக்கி வளர்க்கும் கைக்குச் சோறு வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, ஜில்லாவில் எந்த மையத்தில் எந்த இடம் எத்தனை நாளாகக் காலி என்ற பட்டியலை ஒவ்வொரு ஒன்றிய அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். இரண்டாவதாக, ஒருவர் ஓய்வுபெறும் நாளுக்கு முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிபாரிசுக்கு இடமில்லாமல் மதிப்பெண்களைப் பகிரங்கப்படுத்த வேண்டும். மூன்றாவதாக, கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் சம்பளம் தர வேண்டும். காசு செலவாகும் என்று தெரிந்தால் இடம் தானாக நிரம்பும்! நான்காவதாக, தொகுப்பூதியத்தை ஒழித்து, முதல் நாளிலிருந்தே குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும்.

இது அங்கன்வாடி ஊழியர் சங்கத்தின் பிரச்னை மட்டும் அல்ல. வேனுக்கு நிற்கும் ஆலைத் தொழிலாளியின் பிரச்னை. களையெடுக்கும் விவசாயத் தொழிலாளியின் பிரச்னை. இடுப்பில் தம்பியோடு நிற்கும் பத்து வயதுச் சிறுமியின் பிரச்னை. விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் அமைப்பும் வாலிபர்களும் ஊர் ஊராகக் காலியிடக் கணக்கெடுத்து, கிராம சபையில் தீர்மானம் போட்டு, கலெக்டரிடம் நேரில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.

ஆள் இருக்கிறது. வேலையும் இருக்கிறது. நடுவில் நிற்பது சர்க்காரின் கருமித்தனம் ஒன்றுதான். அதை நகர்த்தும் பொறுப்பு நம்முடையது, தோழர்களே!