பல் கம்பிக்கு தாடையில் ஸ்க்ரூ: ஒரு மில்லிமீட்டர் எலும்பு ஏன் முக்கியம்?

வேலையில் சேர்ந்து, கையில் நாலு காசு வந்த பிறகு பல்லுக்கு கம்பி போடப் போகிறவர்கள் உண்டு. முன்பற்கள் ரொம்ப எடுப்பாக இருந்தால், "எலும்புல சின்னதா ஒரு ஸ்க்ரூ வைக்கணும்" என்பார் டாக்டர். கேட்டதுமே பாதி உயிர் போய்விடும். ஸ்க்ரூ என்றதும் பதற வேண்டியதில்லை. அது எந்த இடத்தில் இறங்கப் போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய விஷயம்.

எதற்கு ஸ்க்ரூ? முன்பற்களைப் பின்னால் இழுக்க, கடைவாய்ப் பற்களைப் பிடிமானமாக வைப்பது பழைய வழி. கயிறு இழுக்கும் போட்டி மாதிரி, அந்தப் பற்களும் கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடும். பல்லைப் பிடுங்கி உண்டாக்கிய இடம் வீணாகும். எலும்பிலேயே ஒரு முளை அடித்துக் கட்டினால் இந்தத் தொல்லை குறையும். விட்டம் 1.2 முதல் 2 மி.மீ., நீளம் 6 முதல் 12 மி.மீ. வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள்.

இந்த முளையைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் எலும்பின் வெளிப்பக்கக் கெட்டியான ஓடுதான். உள்ளே இருப்பது பஞ்சு போன்ற பகுதி. ஓடு குறைந்தது 1 மி.மீ. தடிமனாவது இருந்தால் நல்லது. மேல்தாடையில் அது பொதுவாக மெல்லிசு, கீழ்தாடையில் தடிமன். தடிமன் கூடினால் பிரச்சினையே இல்லை என்றும் நினைக்கக் கூடாது. கெட்டி எலும்பில் மூர்க்கமாகத் திருகினால் சூடேறும், நுண்விரிசல் விழும், ஸ்க்ரூவே முறியலாம். அதனால்தான் கீழ்தாடையில் சில சமயம் முதலில் சிறு துளை போடுகிறார்கள்.

ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், 100 ஸ்க்ரூக்களில் 13, 14 வரை தளர்ந்துவிடுகின்றன. தளர்ந்தால் வேறு இடத்தில் வைக்கலாம். பல் வேரில் உரசுவதுதான் கவலை. 1.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு இரு பக்கமும் 1 மி.மீ. விட்டால், வேர்களுக்கு நடுவே 3.5 மி.மீ. தேவை. இவ்வளவு இடம் எல்லா வாயிலும் இருக்காது. மேல்தாடையில் உயரே போனால் சைனஸ் வேறு காத்திருக்கிறது.

வழக்கமாக எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரே தட்டையான படம். எலும்பின் தடிமன் அதில் தெரியாது. சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில் தெரியும். ஆனால் அதில் கதிர்வீச்சு ஓபிஜியைவிட அதிகம். மிக மெல்லிய எலும்பை அதுவும் தவறாகக் காட்டலாம். இந்த ஸ்க்ரூக்களுக்கு சிபிசிடி பொதுவாகத் தேவையில்லை என்றே 2012-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் ஸ்கேனை எல்லோருக்குமான 'பேக்கேஜ்' ஆக்குவது சரியல்ல. வழக்கமான இடம், போதுமான இடைவெளி, பழகிய கை என்றால் சின்ன எக்ஸ்ரே போதும். வேர்கள் நெருக்கமாக இருந்தாலோ, சைனஸ் தாழ்ந்திருந்தாலோ ஸ்கேனைத் தவிர்ப்பது வீண் சிக்கனம். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுத்திருந்தால் அதைக் காட்டலாமே.

இன்னொன்று: ஸ்க்ரூ வைக்கும்போது ஈறு மட்டும் மரத்துப்போகும் அளவுக்குத்தான் மருந்து கொடுப்பது வழக்கம். வேருக்கு அருகே போனால் 'சுரீர்' என்று வலிக்கட்டும் என்பதற்காகவே அப்படி. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல், உடனே கையைத் தூக்குங்கள்.