ஊட்டிச் சாலையும் குடமுருட்டித் தண்ணீரும்

தாளடி அறுவடை முடிந்து, குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை கிடைக்கும் கோடை இடைவெளியில்தான் பாபநாசம் வட்டாரத்துக் குடும்பங்கள் வேன் பிடித்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்புகின்றன. அங்கே செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு 2024 மே 7இல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வெளியூர்க்காரர்களுக்கு இது வீண் அலைச்சல் என்ற பேச்சு நம் பக்கத்திலும் கேட்கிறது. எனக்கோ, இந்தக் கட்டுப்பாட்டை மற்ற யாரையும்விட உறுதியாக ஆதரிக்க வேண்டியவர்கள் டெல்டாக்காரர்கள் என்றே படுகிறது.

காரணம் தண்ணீர். நீலகிரியின் சோலைக்காடும் புல்வெளியும் பருவமழையை உள்வாங்கி மெல்ல மெல்ல விடுகின்றன. பைக்காரா ஆறு மாயாற்றின் வழியே பவானிசாகரை அடைகிறது. பவானி கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் மேற்குப் பகுதி நீரை அமராவதி கரூர்ப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டும் மேட்டூருக்குக் கீழே காவிரிக்கு வருபவை. அவற்றில் பெரும்பங்கு ஈரோடு, திருப்பூர், கரூர் பாசனத்துக்கே போய்விடுகிறது, நம் குடமுருட்டி ஆற்றுக்கு வருவது மிச்சம்தான் என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் கர்நாடகத்தோடு வழக்காடுகிற நாம், சொந்த மாநிலத்துக்குள் பிறக்கும் நீரின் ஊற்றுக்கண்ணைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது எப்படிச் சரியாகும்? 1820களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஊட்டி ஏரியில் கோடப்பமந்து கால்வாய் வழியே நகரத்துக் கழிவு பல ஆண்டுகளாகக் கலந்துவருகிறது. மேலே ஏறும் கார்கள் பெருகப் பெருக, நிறுத்த இடம் வேண்டும், தங்க விடுதி வேண்டும், அகலச் சாலை வேண்டும். எல்லாவற்றுக்கும் வெட்டுப்படுவது மலைச்சரிவு.

சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரிக்கரை நகரத்துக்கும் உலகமே படையெடுக்கிறது. அங்கிருந்து ரிகி மலைக்குப் போகிறவர்கள் படகில் விட்ஸ்னாவுக்குச் சென்று, 1871 முதல் ஓடும் பற்சக்கர ரயிலில் ஏறுகிறார்கள். எதிரே நிற்கும் பிலாத்துஸ் மலைக்கு ரயிலும் கம்பிவட ஊர்தியும் உண்டு. இரண்டின் உச்சிக்கும் சுற்றுலாப் பயணி காரோட்டிப் போக முடியாது. அதனால் கூட்டம் குறைந்துவிடவும் இல்லை. அந்த ஏரி நீர் ராய்ஸ், ஆரே ஆறுகள் வழியாக ரைனில் கலந்து நெதர்லாந்தின் டெல்டாவுக்குப் போகிறது. ரைனைக் காக்க 1950இல் அமைந்த பன்னாட்டு ஆணையத்தில் மலைநாட்டோடு டெல்டா நாடும் சமமாக உட்கார்ந்து பேசுகிறது. அது பணக்கார நாடு, நமக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். ரிகி ரயிலை உருவாக்கிய ரிக்கன்பாக் 1882இலேயே நீலகிரிக்கு வந்து திட்டம் கொடுத்தவர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் பற்சக்கர ரயில் வந்தது; 1908இல் பாதை ஊட்டிவரை நீண்டது. அதன் பழைய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. நூறாண்டுக்கு மேலாகக் கையில் இருக்கும் வழி இது.

சில பெட்டிகளோடு 46 கிலோமீட்டரை ஐந்து மணி நேரம் ஏறுகிற ரயில் இத்தனை பேரைச் சுமக்காது என்பது நியாயமான வாதம். பேருந்துதான் சுமக்கும். அரசுப் பேருந்துகளுக்கு இந்த வரம்பு கிடையாது. மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் கார், வேன்களை நிறுத்த விரிவான இடம் ஒதுக்கி, சில நிமிடங்களுக்கு ஒன்றாகப் பேருந்து விட்டால், பத்துக் கார்களில் போகிறவர்கள் ஒரே வண்டியில் அடங்கிவிடுவார்கள். முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் தாழ்தளப் பேருந்து வேண்டும், மூட்டை முடிச்சு வைக்க இடம் வேண்டும்; இதில் அரசு சிக்கனம் பார்க்கக் கூடாது. நீலகிரி வணிகர்கள் 2025 ஏப்ரலில் கடையடைத்ததை அலட்சியம் செய்ய எனக்கு மனமில்லை. கோடை வருமானத்தை நம்பித்தான் அவர்களின் ஆண்டு ஓடுகிறது. ஆனால் வர்க்கியும் தேயிலையும் வாங்குவது மனிதர்கள். குன்னூர்ச் சாலை நெரிசலில் காருக்குள் அடைபட்டுக் கிடப்பவர் எந்தக் கடைப்படியும் ஏறுவதில்லை.

இவ்விரு மலையூர்களும் எவ்வளவு வாகனங்களைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பைச் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் நீதிமன்றம் ஒப்படைத்தது. அந்தக் கணக்கில் சாலையின் அகலத்தோடு ஆற்றின் நீரும் இடம்பெற வேண்டும். மேட்டூர்த் திறப்புக்காக ஆண்டுதோறும் மனு கொடுக்கும் டெல்டா விவசாயச் சங்கங்கள் இந்தக் கோரிக்கையையும் அதே மனுவில் எழுதிக் கொடுக்கட்டும்.