உதவித்தொகை வரும்வரை யார் தாங்குவது?

2025 ஜூலையில் வந்த செய்தி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வெளிநாட்டில் முதுகலை, முனைவர் பட்டம் படிக்கச் செல்லும் பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 106 பேர் தேர்வாகியிருந்தார்கள். முதலில் 40 பேருக்கு மட்டுமே கடிதம் கொடுக்கப்பட்டது. மீதி 66 பேருக்கு நிதி இருப்பைப் பொறுத்துத் தரப்படும் என்று ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் சொன்னது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆகஸ்ட், செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிடும். ஜூலையில் ‘பொறுத்திருங்கள்’ என்று சொல்வது ஓர் ஆண்டையே பறிப்பதற்குச் சமம்.

அரசு தரவேண்டிய பணத்தை அரசிடம் கேட்டுப் போராடுவது ஒருபக்கம் நடக்கட்டும். அதுவரை அந்த மாணவரை யார் தாங்குவது? கொடுக்கும் மனமும் ஓரளவு வசதியும் உள்ளவர்கள் புதுச்சேரியில் நிறையவே இருக்கிறார்கள். பணியில் இருக்கும், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், வணிகர்கள், தொழிற்பேட்டை முதலாளிகள், பிரான்சில் குடியேறிய குடும்பங்கள் என்று பட்டியல் நீளும். ஆனால் அவர்களின் உதவி பெரும்பாலும் பள்ளி நோட்டுப் புத்தகத்தோடும் பத்தாம் வகுப்புப் பரிசோடும் நின்றுவிடுகிறது. முதுகலைக்கும் ஆய்வுக்கும் வரும்போது கை சுருங்குகிறது. ‘அவ்வளவு பெரிய தொகை நம்மால் முடியாது’ என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். உண்மையில் தேவைப்படுவது எப்போதும் பெரிய தொகை அல்ல. உரிய நாளில் கைக்கு வரும் சிறிய தொகை பல நேரங்களில் போதும்.

அம்பேத்கர் இழந்த மூன்று ஆண்டுகள்

அண்ணல் அம்பேத்கரின் படிப்பையே எடுத்துக்கொள்வோம். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை கொடுத்து அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து அவர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததும், 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. மீண்டும் லண்டன் போக 1920 ஆனது. அப்போது கைகொடுத்தவை மூன்று: பேராசிரியர் வேலையில் அவர் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பாதேனா கொடுத்த கடன். 1921இல் முதுநிலைப் பட்டமும் 1923இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். மன்னரின் பெருந்தொகையைப் போலவே நண்பரின் கைமாற்றும் அந்தப் பட்டங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மன்னரை நாம் கொண்டாடுகிறோம். நண்பரின் வழியைப் பின்பற்ற மறந்துவிட்டோம்.

நூறு ஆண்டு கழித்தும் கதை அதேதான். 2024இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்த ஒரு தலித் மாணவரால் 17,500 ரூபாயை ஜூன் 24 மாலைக்குள் கட்ட முடியவில்லை. தந்தை தினக்கூலி. ஊரார் திரட்டிய பணம் வந்துசேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்த இடத்தை மீட்க உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் உயிரிழந்த ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா, தமக்கு ஏழு மாத உதவித்தொகை ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் வரவேண்டியிருப்பதைக் கடைசிக் கடிதத்தில் எழுதிவைத்தார். உதவித்தொகை என்று காகிதத்தில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு.

நம் ஊரில் இடைவெளி எங்கே?

பாகூர் பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு மாணவி காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திலோ, இலாசுப்பேட்டையில் உள்ள காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையத்திலோ சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், பேருந்துச் செலவு, புத்தகம் என எல்லாம் முதல் மாதத்திலேயே வேண்டும். மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை விண்ணப்பம், சரிபார்ப்பு, ஒப்புதல் எல்லாம் கடந்து பிறகுதான் வரும். அதிலும் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. மாதம் 21 ஆயிரம் வாங்கும் ஒரு தனியார் நிறுவனக் காவலாளியின் மகளுக்கு அந்தக் கதவு மூடப்படுகிறது.

ஆய்வுப் படிப்பில் இடைவெளி இன்னும் பெரிது. பட்டியல் இனத்தவருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வில் சேர்பவருக்கு மாதம் 8,000 ரூபாய்தான். களப்பணிக்கும் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கட்டமைக்கவும் தனிச்செலவு உண்டு. ஆய்வேட்டின் கடைசி ஆறு மாதத்தில் வேலைக்குப் போனவர்கள் திரும்பி வருவது அரிது.

பத்து லட்சத்தின் இரண்டு கணக்கு

ஒருவர் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க முன்வருகிறார் என்று வைப்போம். வழக்கமான வழி, பெற்றோர் பெயரில் வைப்புநிதி. 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் வரும். தலைக்கு 25,000 என்றால் மூன்று பேருக்குக்கூடப் போதாது.

அதே தொகையைச் சுழல்நிதியாக வைத்தால் ஒரே சேர்க்கைப் பருவத்தில் 40 பேருக்குத் தலா 25,000 ரூபாய் வட்டியில்லாமல் கொடுக்கலாம். அரசு உதவித்தொகை வந்ததும் மாணவர் திருப்பிக் கொடுப்பார். அடுத்த ஆண்டு வேறு 40 பேருக்கு அது போகும். சில தொகை திரும்பாமல் போகும். அதைத் தள்ளுபடி செய்ய முன்கூட்டியே ஒரு பகுதியை ஒதுக்கிவைக்க வேண்டும். வருமான வரம்பால் உதவித்தொகையே கிடைக்காதவருக்குக் கடன் பயன்படாது, கொடையாகவே தரவேண்டும். வைப்புநிதி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அதன் வட்டியை மேடைப் பரிசுக்குச் செலவிடாமல், ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்தால் பலன் அதிகம்.

சட்டம் தடுக்கிறதா?

‘ஒரு சாதிக்கென்று அறக்கட்டளை வைத்தால் வரிவிலக்கு போய்விடும்’ என்று சிலர் தயங்குகிறார்கள். குறிப்பிட்ட சாதிக்கான அறக்கட்டளைக்கு அந்தத் தடை உண்டுதான். ஆனால் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கான அறக்கட்டளைகள் அந்தத் தடைக்குள் வராது என்று வருமான வரிச் சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. 80ஜி சலுகை வேண்டுவோர் கவனிக்க வேண்டியவை வேறு: பதிவுபெற்ற அமைப்புக்குத்தான் கொடுக்க வேண்டும், மாணவரிடம் நேரில் கொடுத்தால் சலுகை இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இந்தக் கழிவு கிடையாது. பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற விதியில் கல்வியும், பின்தங்கிய பிரிவினர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் இடம்பெற்றுள்ளன.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1881 ஆணையின்படி சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயர் பூண்டவர்களில் ஒடுக்கப்பட்டோர் பலர். அவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்று பிரான்சில் இருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்பும் அவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் இந்திய அறக்கட்டளைக்குத் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை. பிறப்பால் தமிழராயினும், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு உள்ள அமைப்புதான் அதை வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கே முதலில் வரவேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. விதி தெரியாமல் அனுப்பப்படும் பணம் வாங்கும் அமைப்பையே சிக்கலில் மாட்டிவிடும்.

கொடுப்பவர்கள் கேட்கக்கூடாதவை

மேடையில் நிற்கவைத்து, சாதியைச் சொல்லி, காசோலையோடு படமெடுத்து நாளிதழுக்கு அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். 25 வயது ஆய்வாளர் பள்ளிச் சிறுவர் அல்லர். முதல் வகுப்பு மதிப்பெண்ணை நிபந்தனையாக வைப்பதும் சரியல்ல. வேலை பார்த்துக்கொண்டே படித்தவருக்கு அது தண்டனை. மருத்துவம், பொறியியலுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினால் வரலாறு, தமிழ், சட்டம், சமூகவியல் படிப்பவர்கள் விடுபடுவார்கள். நம் மக்களின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் அவர்கள்தாம். பட்டியல் இனத்தவரைப் பூர்வீகம், குடிபெயர்ந்தோர் என்று பிரிக்கும் சர்ச்சை இங்கே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தப் பிரிவினையை நன்கொடையாளரும் சுமக்க வேண்டியதில்லை.

நன்கொடை பெருகினால் அரசு கைகழுவிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. உதவித்தொகை சலுகை அல்ல, உரிமை. அதனால்தான் சுழல்நிதியை நாம் வலியுறுத்துகிறோம். அது அரசின் பணத்துக்கு மாற்று அல்ல, அந்தப் பணம் வரும்வரை மட்டும் தாங்குவது. அரசு தாமதித்தால் நிதி முடங்கும்; நிதி முடங்கினால் கொடுத்தவர்களும் மாணவரோடு சேர்ந்து கேள்வி கேட்பார்கள். யாருக்கு எந்த நாளில் கொடுத்தோம், அரசுத் தொகை எத்தனை நாள் கழித்து வந்தது என்று அந்த நிதியின் பேரேட்டில் எழுதிவைத்தால், ஆதிதிராவிடர் நலத்துறை முன் வைக்க அதைவிட உறுதியான சான்று வேறில்லை.

ஒவ்வொரு கல்லூரியிலும் நம்பிக்கைக்குரிய இரண்டு ஆசிரியர்களும், அங்கே படித்து வேலைக்குப் போன நான்கு பேரும் சேர்ந்தால் இதைத் தொடங்கிவிடலாம். சேர்க்கை தொடங்கும் முன்பே பணம் தயாராக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.