பிரஸ் ரிலீஸ் அனுப்பினால் செய்தி வந்துவிடுமா? பெரம்பலூர், அரியலூர் சொல்லும் பாடம்

பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020 மே மாதம் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஏப்ரலில் செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்கும் கிடைத்தது. இரண்டுமே செய்தியாகின. சிற்பிகள் தலைமுறைகளாகச் செதுக்குகிறார்கள், வெங்காயமும் காலங்காலமாக விளைகிறது. அப்புறம் ஏன் அப்போது மட்டும் செய்தி?

காரணம் சிம்பிள். அன்றைக்கு ஏதோ ஒன்று புதிதாக நடந்தது. சிறு தொழில் செய்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

எது செய்தி, எது விளம்பரம்?

'எங்களிடம் தரமான சிற்பங்கள் நியாயமான விலையில் கிடைக்கும்' என்பது விளம்பரம். 'இத்தனை அடி உயரச் சிற்பம், இந்த ஊர்க் கோயிலுக்கு, இந்தத் தேதியில் போகிறது' என்பது செய்தி. முதல் ஏற்றுமதி, புதிய வேலைவாய்ப்பு, விருது, பயிற்சி முகாம் எல்லாம் இதில் சேரும்.

2024 நவம்பரில் அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு முதல்வர் அடிக்கல் நாட்டினார். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்பதுதான் தலைப்புச் செய்தி. உங்கள் பட்டறையில் வேலை 5 பேருக்குத்தானா? பரவாயில்லை. மாவட்டப் பக்கத்துக்கு அதுவும் செய்திதான். ஆனால் எண் உண்மையாக இருக்கணும்.

எப்படி எழுதுவது?

ஒரு பக்கம் போதும். யார், என்ன, எங்கே, எப்போது என்பது முதல் பத்தியிலேயே வரணும். 'உலகத்தரம்', 'நம்பர் ஒன்' மாதிரி வார்த்தைகளை டெஸ்க்கில் முதலில் வெட்டுவார்கள். உரிமையாளர் சொன்ன ஒரு கருத்து, இரண்டு தெளிவான போட்டோ, விசாரித்தால் எடுக்கிற போன் நம்பர் சேர்த்து அனுப்புங்கள். தமிழில், யூனிகோடில் டைப் செய்தது நல்லது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் மறுபடி யாராவது டைப் அடிக்கணும்.

சென்னை அலுவலகத்தைவிட, உங்கள் தாலுகாவைப் பார்க்கும் நிருபருக்கு முதலில் அனுப்புங்கள். நிகழ்ச்சி முடிந்து ஒரு வாரம் கழித்து அனுப்பினால் பலன் குறைவு.

காசு கொடுத்தால்?

பணம் வாங்கிக்கொண்டு வருவது விளம்பரம். அதைச் செய்தியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறி. 'விளம்பரம்' என்று போட்டு வந்தால் அதில் தப்பே இல்லை. செய்தி வேஷத்தில் வந்தால்தான் பிரச்சினை.

புவிசார் குறியீட்டைச் சொல்லிக்கொள்ளலாமா?

இங்கே கவனம் தேவை. அந்தக் குறியீடு தனி ஒரு கடைக்கோ பட்டறைக்கோ கிடைத்தது இல்லை. 1999-ம் ஆண்டு சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்களுக்குத்தான் அதைப் பயன்படுத்தும் உரிமை. வேறு ஊர் வெங்காயத்தைச் செட்டிகுளம் வெங்காயம் என்று விற்றால் சட்டச் சிக்கல் வரும், அந்த ஊர் விவசாயியின் பெயரும் கெடும். உணவுப் பொருள் பற்றித் தவறான விளம்பரம் கொடுத்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வெளியான பிறகு?

வேலை அத்தோடு முடியாது. லிங்கைச் சேமித்து வையுங்கள். வங்கிக் கடனுக்கோ, கண்காட்சி ஸ்டாலுக்கோ விண்ணப்பிக்கும்போது காட்டலாம். வரவில்லை என்றால் நிருபரிடம் ஒருமுறை கேளுங்கள், தினமும் போன் அடிக்காதீர்கள். அடுத்து நிஜமாகவே ஏதாவது புதிதாக நடக்கும்போது மறுபடி அனுப்புங்கள்.