முந்தி நிற்கும் கனகா

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! அண்மையில் ஓர் இணையப் படிவத்தில் மாணவர் பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். கனகா, கமலா, கலா, கவிதா என நின்றன. இதுவா அகரவரிசை? ககரம் முதல் னகரம் ஈறாக ஜொகூரில் முதலாம் ஆண்டிலேயே கற்பிக்கிறோம். அதன்படி கனகா கடைசியில் அன்றோ வரவேண்டும்?

"கணினி அப்படித்தான் அடுக்கும்" என்கிறார்கள். பொய்! 1991இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி தரத்தின் அடுக்கைப் பின்பற்றியது. அதனால் னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும் அமர்ந்தன. அவை வெறும் குறியெண்கள். தமிழ் அகரவரிசைக்கான விதிகளை ஒருங்குறிச் சேர்த்தியமே தனியாக வெளியிட்டுள்ளது. நிரலர் அவற்றை அழைத்தால் போதும். அதற்கும் சோம்பலா? மலாய்ப் பட்டியலில் அமினாவுக்கு முன் யூசோப் நின்றால் பொறுப்பார்களா?

படிவம் தந்தவருக்கு எழுதிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள், கனகாவையே எடுத்துக்காட்டுங்கள்.